மூவாரிலிருந்து இஸ்தானா வரை

சென்ற மாதம் ஒரு திருமணத்துக்காக ஜொகூர் பாருவிலிருந்து மூவாருக்குப் போனோம். வண்டி ஓட்டியவன் என் தங்கை மகன். சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் கடக்கும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளில் அவனும் ஒருவன். படித்தது அனைத்துலக உறவுகள். அரசதந்திரச் சேவையில் சேர வேண்டும் என்று இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் நேர்முகத் தேர்வோடு நின்றுபோனது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நெடுஞ்சாலையில் பாகோவை நெருங்கும்போது அவனே பேச்சை ஆரம்பித்தான்.

"மாமா, தூதரா இருந்தவங்க அரசியலுக்கு வந்தா நிலைப்பாங்களா? அவங்களுக்கு மேடையில சத்தம் போடவே தெரியாதே."

"நாம போற ஊர்லயே அதுக்கு ஒரு பதில் இருக்குடா" என்றேன்.

அவனுக்கு நான் சொன்னது புரியவில்லை. சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ்.ஆர். நாதன் சிறு வயதில் வளர்ந்த ஊர் மூவார் என்பது அவனுக்குத் தெரியாது. ஜொகூர்த் தமிழர்களில் பலருக்கும் தெரியாது. நாளிதழில் படத்தைப் பார்த்து, "நம்மாளு" என்று பெருமைப்பட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டோம். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்ற கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அன்று வண்டியில் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்த நாள்கள்

செல்லப்பன் ராமநாதன் 1924 ஜூலை 3-ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தவர். ஆனால் நினைவு தெரிந்த வயதில் அவர் இருந்தது மூவாரில். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டங்களின் வழக்குகளைக் கவனித்த ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் குமாஸ்தா. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம் இல்லை. ஆனாலும் ரப்பர் விலையை நம்பித்தான் அந்த வீட்டிலும் உலை கொதித்தது.

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சரிவு குமாஸ்தா வீட்டையும் விடவில்லை. கடன் ஏறியது. நாதனுக்கு எட்டு வயதாக இருந்தபோது கடன் சுமை தாங்காமல் தந்தை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குடும்பம் சிங்கப்பூருக்குத் திரும்பியது.

பின்னாளில் இவ்வளவு உயர்ந்தவர் பள்ளியில் முதல் மாணவராக இருந்திருப்பார் என்று நினைத்தால் தவறு. இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். பதினாறு வயதில் தாயாருடன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டே ஓடிவிட்டார். நம் வட்டாரத்தில் இப்படி ஒரு பையன் இருந்தால் என்ன சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். "அவன் கதை முடிஞ்சது" என்று கல்யாண வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

அகராதியில் கற்ற மொழி

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே மூவார் ஆற்றங்கரையில் கடும் போர் நடந்தது. ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் அவர்கள் கையில்.

பள்ளிச் சான்றிதழ் இல்லை, கையில் தொழில் இல்லை. அந்த நிலையில் இளைஞர் நாதன் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியைத் தாமாகவே கற்றார். மொழிபெயர்ப்பாளராக வேலையும் கிடைத்தது.

இந்தக் கட்டத்தைச் சிலர் சாகசக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை. ஜப்பானியரிடம் வேலை பார்த்தவரை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்று ஊகிக்கலாம். மொழிபெயர்ப்பாளன் நிற்கும் இடம் அப்படிப்பட்டது. அதிகாரம் ஒரு பக்கம், பயந்த மக்கள் மறுபக்கம். இவன் சொல்லும் ஒரு சொல் பிசகினால் யாருக்கோ அடி விழும். இரண்டு பக்கமும் இவனை முழுதாக நம்பாது.

என் கணிப்பில் அந்த நடு இடம்தான் நாதனின் வாழ்நாள் வேலையாகிப்போனது. ஒவ்வொரு பத்தாண்டிலும் அவர் இரண்டு தரப்புகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். பதவியின் பெயர் மட்டும் மாறியது.

முப்பது வயதில் தொடங்கிய வாழ்க்கை

போர் முடிந்ததும் விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தாமே படித்து முடித்தார். பிறகு அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1954-இல் சமூகவியல் கல்வியில் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டயம் பெற்றார். வயது முப்பது. கூடப் படித்தவர்கள் எல்லாம் தம்பி தங்கை வயதில் இருந்திருப்பார்கள்.

1955-இல் மருத்துவமனைச் சமூகநல ஊழியர். அடுத்த ஆண்டு மாலுமிகள் நல அதிகாரி. 1962-இல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கங்களுக்குக் கணக்கும் வாதமும் தயாரித்துக் கொடுக்கிற வேலை அது. நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவில், மாலுமிக்கும் கப்பல் முதலாளிக்கும் நடுவில், தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் என்று பத்தாண்டுகள் ஓடின. தூதர் ஆவதற்கு முன்பே அவருக்கு அந்தப் பயிற்சி முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

இடையில் ஒரு சொந்தப் பேச்சுவார்த்தையும் நடந்தது. ஜொகூரில் பழக்கமான ஊர்மிளா நந்தே வங்காளப் பெண். இவரோ தமிழர். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. பதினாறு ஆண்டுகள் காத்திருந்து 1958-இல் மணமுடித்தார்கள். பெரியவர்களை முறைத்துக்கொண்டு போகவும் இல்லை, மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பொறுமையை ஒரு தொழில் கருவியாகவே வைத்திருந்த மனிதர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1966 பிப்ரவரியில் நாதன் வெளியுறவு அமைச்சுக்கு மாற்றப்பட்டார். அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பான் பக்கம் ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர். மலாயா ரப்பர் வளர்த்த இரண்டு தமிழர்கள் ஒரு புதிய நாட்டை உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் வேலையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1967 ஆகஸ்டில் பாங்காக்கில் ஆசியான் பிறந்தபோது சிங்கப்பூர்க் குழுவில் நாதனும் இருந்தார்.

விமானம் ஏறிய அதிகாரி

1971-இல் அவர் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்கு இயக்குநரானார். 1974 ஜனவரி 31-ஆம் தேதி நான்கு ஆயுததாரிகள் புலாவ் புக்கோம் தீவில் இருந்த ஷெல் எண்ணெய் ஆலையைத் தாக்கினார்கள். இருவர் ஜப்பானிய செம்படையினர், இருவர் பாலஸ்தீன விடுதலை முன்னணியினர். தப்பிக்கும்போது 'லாஜு' என்ற படகைக் கடத்தி அதில் இருந்த ஐந்து ஊழியர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

நாள்கணக்கில் பேச்சு நடந்தது. இதற்கிடையில் அவர்களுடைய கூட்டாளிகள் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தையும் பிடித்துவிட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. பிணையாளிகளை விடுவிக்க வேண்டும், ஆயுததாரிகள் குவைத்துக்குப் பறக்கலாம். வழியில் எதுவும் நடக்காது என்பதற்கு உத்தரவாதமாக 13 சிங்கப்பூர் அதிகாரிகள் அதே விமானத்தில் போக வேண்டும். பிப்ரவரி 8-ஆம் தேதி அந்தக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவர் நாதன். ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். குழு பத்திரமாகத் திரும்பி வந்தது. அவ்வாண்டு அவருக்கு உயரிய சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது.

பேச்சுவார்த்தை என்றால் குளிரூட்டிய அறையில் காப்பி குடிப்பது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லலாம். கொடுத்த வாக்குக்குத் தம் உடம்பையே ஈடாக வைக்க வேண்டிய நேரமும் அந்தத் தொழிலில் வரும்.

தண்ணீருக்கும் பாலத்துக்கும் நடுவில்

1979 முதல் 1982 வரை வெளியுறவு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர். அதன் பிறகு அரசுப் பணியை விட்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர். உளவுத்துறையில் இருந்தவர் பத்திரிகைக்கு வருகிறாரே என்று செய்தியாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். மறுபடியும் அரசுக்கும் பத்திரிகைக்கும் நடுவில். இதே ஆண்டுகளில் இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகக் கோயில் நிர்வாகத்தையும் கவனித்தார். கோயில் கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஐக்கிய நாட்டுச் சபையைவிட அங்கே பேச்சுவார்த்தை கடினம்.

1988 ஏப்ரலில் வந்த நியமனம் நமக்கு நெருக்கமானது. மலேசியாவுக்கான சிங்கப்பூர்த் தூதர். சிறுவனாக இழப்போடு விட்டுப்போன நாட்டுக்கு, அறுபத்து நான்கு வயதை நெருங்கும்போது இன்னொரு நாட்டின் பிரதிநிதியாக வந்தார்.

நேரமும் நல்ல நேரமாக இல்லை. 1986 நவம்பரில் இஸ்ரேலிய அதிபர் ஹெர்சோக் சிங்கப்பூருக்கு வந்ததை எதிர்த்து மலேசியாவில் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. மலேசியா தன் தூதரையே கொஞ்ச காலம் திரும்ப அழைத்தது. அந்தக் கசப்பு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டிருந்த காலம். 1988 ஜூனில் மகாதீரும் லீ குவான் யூவும் ஜொகூர்த் தண்ணீர் பற்றிய புரிந்துணர்வில் கையெழுத்திட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1990 நவம்பரில் லிங்கியூ அணைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அது 2061 வரை செல்லும். அந்த ஆற்று நீரைத் தடையில்லாமல் எடுக்க உதவுவதுதான் லிங்கியூ அணை.

கையெழுத்து தலைவர்களுடையது. இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவில் கோபம் கிளம்பாமல் பார்த்துக்கொள்வது தூதரகத்தின் வேலை. அது செய்தியாக வராது. வராமல் இருப்பதே அந்த வேலையின் வெற்றி.

1990 ஜூலையில் வாஷிங்டனுக்குப் போனார். அங்கே 1994-இல் அமெரிக்க இளைஞன் மைக்கேல் ஃபேயின் பிரம்படித் தண்டனை விவகாரம் வெடித்தது. அதிபர் கிளின்டனே கருணை கேட்டார். ஆறு அடி நான்காகக் குறைந்தது, ஆனால் தண்டனை நிறைவேறியது. கோபத்தில் இருந்த ஒரு வல்லரசின் தலைநகரில் உட்கார்ந்து தன் நாட்டின் சட்டத்தை விளக்க வேண்டிய பொறுப்பு நாதன் தலையில் விழுந்தது. குரல் உயர்த்தாமல் செய்து முடித்தார். 1996-இல் ஊர் திரும்பினார்.

வாக்குப்பெட்டி திறக்காத தேர்தல்

இதுவரை கேட்டுக்கொண்டு வந்த தங்கை மகன் இங்கே சரியாகப் பிடித்தான்.

"அதெல்லாம் சரி மாமா. ஆனா அவரு ஓட்டு வாங்கி ஜெயிக்கலையே!"

உண்மைதான். 1991-இல் சிங்கப்பூர் தன் அரசமைப்பைத் திருத்தி, மக்கள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுத்தது. புதிய முறையில் அதிபருக்கு நாட்டின் பழைய சேமிப்பின் மீது காவல் அதிகாரம் உண்டு. அரசாங்கம் அதில் கைவைக்க வேண்டுமானால் அதிபர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் போட்டியிடுபவருக்குத் தகுதி விதிகளும் கடுமையாக வைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகள் நிரந்தரச் செயலாளராக இருந்திருப்பது அந்தத் தகுதிகளில் ஒன்று.

1999-இல் தகுதிச் சான்றிதழ் கிடைத்த ஒரே வேட்பாளர் நாதன். 2005-இலும் அப்படியே. இரண்டு முறையும் போட்டியின்றி அதிபரானார். பன்னிரண்டு ஆண்டுகள், சிங்கப்பூரில் மிக நீண்ட காலம் அதிபராக இருந்தவர் அவரே. ஆனால் ஒரு சிங்கப்பூரர்கூட வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கு நேரே குறியிட்டதில்லை. இது மக்கள் தேர்வா என்ற கேள்வி அவர் பதவிக்காலம் முழுவதும் தொடர்ந்தது. நியாயமான கேள்வி. நாம் அவரைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அவர் பேச்சால் பதில் சொல்லவில்லை. 2000-இல் 'அதிபர் சவால்' என்ற நன்கொடை இயக்கத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் அறநிறுவனங்களுக்கு நிதி திரட்டும் அந்த இயக்கம் அவருக்குப் பின் வந்த அதிபர்களிடமும் தொடர்கிறது. 2009 ஜனவரியில் உலகப் பொருளாதாரம் மறுபடி ஆட்டம் கண்டபோது, ஆட்குறைப்பைத் தடுக்கும் திட்டங்களுக்காகப் பழைய சேமிப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அரசாங்கம் அனுமதி கேட்டது. அந்தச் சேமிப்பைத் தொடுவது அதுவே முதல் முறை. நாதன் ஒப்புதல் தந்தார். எடுத்த பணம் 2011-இல் திருப்பி வைக்கப்பட்டது.

அந்த ஒப்புதலில் கையெழுத்திடும்போது அவருக்கு மூவார் நினைவு வந்ததா என்று நமக்குத் தெரிய வழியில்லை. எனக்கு வந்தது. ஒரு பொருளாதாரச் சரிவில் தகப்பனை இழந்த பிள்ளை, இன்னொரு சரிவில் மற்றவர்களின் வேலையைக் காப்பாற்றும் பணத்துக்கு அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்தார்.

இன்னும் இரண்டு வழிகள்

தூதர் அரசியலுக்கு வர ஒரே வழிதான் என்றில்லை. கேரளத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தார். 1984-இல் ஒற்றப்பாலம் தொகுதியில் நின்று ஜெயித்தார். தொடர்ந்து மூன்று தேர்தல்களில் அதே தொகுதி. 1997-இல் குடியரசுத் தலைவர். மாநில ஆட்சியைக் கலைக்கச் சொல்லி அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை இரண்டு முறை திருப்பி அனுப்பிய துணிச்சல் அவருக்கு இருந்தது. மக்களிடம் வாக்குக் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் துணிவு இயல்பாக வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொருவர் எஸ். ஜெய்சங்கர். டெல்லியில் பிறந்த தமிழர். 1977-இல் வெளியுறவுப் பணி. சிங்கப்பூர், சீனா, அமெரிக்கா என்று தூதர் பொறுப்புகள், பிறகு வெளியுறவுச் செயலாளர். 2019 மே மாதம் நேராக அமைச்சர். அதன் பின்னரே குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். இவர் பேசும் மேடைப் பேச்சு இளைஞர்களின் கைப்பேசிகளில் சுற்றுகிறது. தூதருக்கு மேடையில் பேசத் தெரியாது என்ற என் தங்கை மகனின் வாதம் இவரிடம் செல்லாது.

சிங்கப்பூரிலேயே 2023-இல் தர்மன் சண்முகரத்தினம் மும்முனைப் போட்டியில் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று அதிபரானார். அவர் தூதர் இல்லை, அரசியலில் பல ஆண்டுகள் தேர்தல் கண்டவர். ஒரு தமிழர் அந்த நாற்காலியில் அமர்வது புதிதில்லை என்ற நிலையை நாதன் அதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தார்.

அப்படியானால் தூதர் அரசியலில் நிலைப்பாரா? என் பதில் இது. இரண்டு தரப்பையும் கேட்கும் காது, வாயடக்கம், பொறுமை எல்லாம் அவருக்கு முதலீடு. ஆனால் தூதருக்கு எப்போதும் ஒரே ஓர் எசமான்தான், அவரை அனுப்பிய அரசாங்கம். அரசியல்வாதிக்கு எசமான் தெருவில் நிற்கும் மக்கள். அந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்தவர் நிலைப்பார். நாதன் பாதி வழி மட்டும் மாறினார் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாதி வழியில் அவர் செய்தவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லட்டும்.

ஆற்றங்கரையில்

கல்யாண விருந்து முடிந்ததும் தஞ்சோங் எமாஸ் பக்கம் போய் மூவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். மலேசியாவின் எட்டாவது பிரதமர் முஹிடின் யாசின் பிறந்ததும் இதே மூவாரில்தான். ஒரு நாட்டுக்குப் பிரதமரையும் பக்கத்து நாட்டுக்கு அதிபரையும் கொடுத்த ஆற்றங்கரை, மீன்பிடிப் படகுகளோடு சாதாரணமாக இருந்தது.

நாதன் 2016 ஆகஸ்ட் 22-இல் தமது 92-வது வயதில் காலமானார். அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்த் திரைப்பாடல் ஒலித்தது. 'பொற்காலம்' படத்தில், ஊர் ஊராக மண் எடுத்து ஒரு பொம்மை செய்வதைப் பற்றி வரும் பாடல். பல இனம் சேர்ந்த நாட்டுக்கு அது பொருந்தும் என்று அன்று பலர் எழுதினார்கள். அந்தப் பொம்மையில் ஒரு பிடி ஜொகூர் மண்ணும் இருக்கிறது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் வண்டியில் ரொம்ப நேரம் அமைதி. ஆயர் ஈத்தாம் தாண்டியிருப்போம்.

"மாமா, அவரு டிப்ளோமா முடிச்சப்போ முப்பது வயசுன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"எனக்கு இருபத்தாறுதான் ஆகுது."

மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். வந்ததும் வராததுமாக அவன் சான்றிதழ் வைத்திருக்கும் பையைத் தேடுகிறானே, என்ன விஷயம் அண்ணா என்று கேட்டாள்.